மேல் லயத்துக் குழியும் கீழ் லயத்து ஊற்றும்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் உங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனுக்கு அரசாங்கத் திட்டத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டி, வீட்டுக்கு வீடு குழாய் இழுத்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போதெல்லாம் "கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்" என்கிறார். மழை தொடங்கினால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். செலவழித்த காசெல்லாம் எங்கே போனது என்று கேட்கிறீர்கள். இப்போது உங்களைத் தண்ணீர்க் குழுவின் செயலாளராக வேறு தெரிவு செய்திருக்கிறார்கள், எதிலிருந்து தொடங்குவது என்றும் கேட்கிறீர்கள்.

நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன். அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் ஊவாவிலும் நுவரெலியாவிலும் சமூக நீர்த்திட்டங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: காசு முழுக்க வீணாகவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிய நம் அம்மாமாருக்கு வாசலில் குழாய் வந்தது சின்ன விஷயமே அல்ல. ஆனால் தண்ணீர் வந்துசேர்ந்த அளவுக்கு அது சுத்தமாகவில்லை. காரணம், மலையில் குடிநீரும் மலக்கழிவும் ஒரே சரிவில் இருக்கின்றன. நம் திட்டங்கள் அவற்றை இரண்டு வேறு விஷயங்களாக, இரண்டு வேறு கோப்புகளில் வைத்துக் கட்டின.

ஒரு இடத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன், தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஊற்றைச் சுற்றிக் கொங்கிரீட் பெட்டி, மேலே மூடி, பூட்டு, எல்லாம் சரியாகச் செய்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் கிடந்த மணலை எண்ணலாம். குழுவின் தலைவர் கையால் அள்ளிக் குடித்துக் காட்டினார். நான் சோதனைப் போத்தலில் கொஞ்சம் பிடித்து, உடம்புச் சூட்டில் இருக்கட்டும் என்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மலக்கிருமி இருந்தால் அந்தப் போத்தல் ஓரிரு நாளில் கறுக்கும். மறுநாள் காலையிலேயே கரியாகக் கறுத்திருந்தது. திரும்பிப் போய், ஊற்றிலிருந்து மேல்நோக்கித் தேயிலைக்குள் ஏறினோம். பத்து நிமிட நடையில் மேல் லயம். லயத்துக்குப் பின்னால் வரிசையாக மலசலகூடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி, அடி பூசாதது, கல் அடுக்கிய சுவர். அந்தக் குழிகளும் ஒரு திட்டத்தில் வந்தவைதான். கட்டியவர்கள் மலசலகூடம் இல்லாத வீடே இருக்கக் கூடாது என்று நல்ல மனதோடு கட்டினார்கள். ஊற்றைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள், வேறு வருடம். ஒருவர் வேலையை மற்றவர் ஏறிப் பார்க்கவில்லை.

குழிக்கும் ஊற்றுக்கும் ஐம்பது அடி தூரம் இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சமதரையில் நல்ல மண்ணாக இருந்தால் சரி. நம் மலையில் மேல் மண் கொஞ்சம்தான், அதற்குக் கீழே உக்கிய பாறை, பாறையில் வெடிப்புகள். அந்த வெடிப்புக்குள் இறங்கிய கழிவு மண்ணில் வடிகட்டப்படாமலே நூறு அடி, இருநூறு அடி ஓடி வந்துவிடும். அதனால் அடிக்கணக்கை மட்டும் பார்க்காமல், ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்க்க வேண்டும். செயலாளராக உங்கள் முதல் வேலை அதுதான். குழாயையும் தாங்கியையும் அப்புறம் பார்க்கலாம்.

சரி, இந்த வேலை ஏன் இரண்டாகப் பிரிந்தது? இதற்குத் தோட்டத்தின் கதை தெரிய வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து லயத்துத் தண்ணீரும் கக்கூசும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, காணி அரசாங்கத்திடமே இருந்தது, குத்தகைக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் நாம் டிரஸ்ட் என்று சொல்கிற அமைப்பு உருவானது, இன்றைய பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். வீடு, மலசலகூடம், தண்ணீர், பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைமடுவம் எல்லாம் அவர்கள் வழியாக வந்தன.

இன்னொரு பக்கம், நாட்டின் மற்ற ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்க 1975 முதல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை இருக்கிறது. நகரங்களுக்கு அது குழாய் போட்டது. கிராமத்தில் தெருவிளக்கு, வடிகான், சின்னச் சின்னத் தண்ணீர் வேலை எல்லாம் பிரதேச சபை பார்க்கும். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டியே தோட்டத்துக்குள் சபைக் காசு செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். வாக்குப் போடும்போது நாம் பிரதேச சபைக்கு உட்பட்டவர்கள், கான் அடைத்துக்கொண்டால் தோட்டத்துக்கு உட்பட்டவர்கள். 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே வருடம் நுவரெலியா மாவட்டத்தில் சபைகளின் எண்ணிக்கையும் கூடியது. உங்கள் மஸ்கெலியா பிரதேச சபை அப்படிப் பிறந்ததுதான், அதுவரை அம்பகமுவ சபைக்குள் இருந்தது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் 2018தான். இதையெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் டிவிஷனின் கழிவு பற்றிப் பிரதேச சபைக்கு எழுத இப்போது உங்களுக்கு இடம் இருக்கிறது. உங்கள் அப்பா காலத்தில் அந்தக் கடிதத்துக்கு "தோட்டத்தைக் கேளுங்கள்" என்று ஒரு வரிப் பதில்தான் கிடைக்கும்.

கிராமப் பக்கத்தில் வேறு மாதிரி நடந்தது. 1993 முதல் 1998 வரை உலக வங்கிக் கடனில் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் ஒரு சமூக நீர்த்திட்டம் ஓடியது. அதில் புதுசாக இருந்தது குழாய் அல்ல, முறை. ஊர் மக்களே ஒரு சங்கம் அமைக்க வேண்டும், செலவில் ஒரு பங்கைக் காசாகவும் உழைப்பாகவும் போட வேண்டும், கட்டி முடிந்ததும் மாதக் கட்டணம் வாங்கித் தாங்களே நடத்த வேண்டும். அந்த முறை பிடித்துக்கொண்டது. இன்று நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் இப்படி ஊர்ச் சங்கங்களின் கையில் ஓடுகின்றன. அவர்களுக்குத் துணையாக 2014இல் தேசிய சமூக நீர்வழங்கல் திணைக்களம் என்று தனியாக ஒன்று வந்தது. 2015இல் உலக வங்கியின் 165 மில்லியன் டொலர் கடனில் இன்னொரு பெரிய திட்டம் தொடங்கியது. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, கேகாலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று ஏழு மாவட்டங்கள். தோட்டங்களையும் அதற்குள் சேர்த்தார்கள், குடிநீரோடு மலசலகூடத்தையும் சேர்த்தார்கள். இது நல்ல மாற்றம், நான் மனதார வரவேற்றேன்.

ஆனால் கிராமத்தில் ஓடிய முறையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது சில இடங்களில் முட்டியது. கிராமத்தில் ஊற்று இருக்கும் காணி ஊராருடையது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருடையது. தோட்டத்தில் ஊற்று கம்பனிக் குத்தகைக் காணியில் இருக்கும். துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், கடிதம் இல்லாமல் மண்வெட்டி வைக்க முடியாது. துரை மாறினால் கடிதம் செல்லுமா என்ற கேள்வி வரும். அப்புறம் கட்டணம். தண்ணீர் தோட்டம் கொடுக்க வேண்டியது என்று நூறு வருடமாகப் பழகிய மக்களிடம் போய் மாதம் இவ்வளவு ரூபாய் என்றால், "தண்ணிக்குக் காசா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாட்கூலி வீட்டில் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. ஆனால் அந்தக் காசு இல்லாமல் குளோரின் வாங்க முடியாது, உடைந்த வால்வை மாற்ற முடியாது, தாங்கியைக் கழுவுகிற ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாது. நான் பார்த்ததில் நன்றாக ஓடிய குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம் உண்டு: வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதி, கோயிலிலோ பிள்ளைமடுவத்திலோ மாதம் ஒரு தடவை எல்லோருக்கும் கேட்க வாசிப்பார்கள். அப்படி வாசித்த இடத்தில் கட்டணம் நின்றதை நான் பார்த்ததில்லை. ஊவாவில் ஒரு குழுவின் பொருளாளர், கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர், வால்வுக்கு வாங்கிய இரண்டு வாஷர்களின் விலையைக்கூட எழுதி, பில்லைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தார்.

இனி உங்கள் கையில் இருக்கிற வேலைக்கு வருவோம்.

ஊற்று எவ்வளவு தருகிறது என்பதை அளந்து எழுதுங்கள். இருபது லீட்டர் வாளியும் கைபேசியில் இருக்கிற நேரக் கணிப்பானும் போதும். வாளி 40 செக்கனில் நிறைந்தால் செக்கனுக்கு அரை லீட்டர், ஒரு நாளைக்கு 43,200 லீட்டர். அறுபது வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று 300 பேர் இருந்தால் ஆளுக்கு 140 லீட்டருக்கு மேல் வரும், தாராளம். அதே வாளி 90 செக்கன் எடுத்தால் நாளைக்கு 19,200 லீட்டர், ஆளுக்கு 64. அப்போதுதான் சண்டை தொடங்கும். அதனால் தண்ணீர் மிகக் குறையும் மாதத்தில் அளக்க வேண்டும். உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, பதுளைப் பக்கம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பல திட்டங்கள் மழைக்காலத்தில் அளந்து வரைந்தவை. அவற்றில் கோடையில் குழாய் காற்றைத்தான் விடும்.

தண்ணீர் கலங்குவதை அடுத்துப் பாருங்கள். மழை பெய்ததும் குழாயில் தேயிலைச் சாயம் மாதிரி வந்தால், ஓடையின் மேல்நீரோ கான் நீரோ ஊற்றுப் பெட்டிக்குள் இறங்குகிறது என்று பொருள். பெட்டிக்கு மேற்புறம் வளைவாக ஒரு கான் வெட்டி அந்த நீரைத் திருப்பிவிடுங்கள். நம் ஆட்களுக்குக் கான் வெட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சுற்றிவர வேலி போடுங்கள், மாடு ஏறக் கூடாது. ஓடையிலிருந்து எடுக்கும் தண்ணீர் என்றால் மணல் வடிகட்டி வேண்டும். மெதுவாக வடிகிற மணல் வடிகட்டியில் மேல் மணலில் வழுவழுப்பாக ஒரு படை வளரும். அழுக்கு என்று நினைத்து அதை அடிக்கடி சுரண்டிவிடுகிறார்கள். கிருமியைப் பிடித்து வைப்பதே அந்தப் படைதான். தண்ணீர் இறங்குவது உண்மையாகவே குறைந்த பிறகுதான் மேலே ஒரு அங்குலத்துக்கும் குறைவாகச் சுரண்ட வேண்டும். சுரண்டிய பிறகு படை திரும்ப வளரச் சில நாட்கள் எடுக்கும். புது மணல் என்றால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம்.

குளோரின் விஷயத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிக்குப் பாதி இடங்களில் தவறு இங்கேதான். தாங்கி 10,000 லீட்டர் என்று வைப்போம். லீட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமானால் மொத்தம் 20 கிராம். பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு முப்பது பங்குதான் குளோரின். ஆகவே கிட்டத்தட்ட 67 கிராம் தூள். இதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல்நீரை மட்டும் தாங்கியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். நான் போன ஒரு இடத்தில் தூள் மூட்டை பம்ப் அறையில் வாய் திறந்தபடி கிடந்தது. பனியும் ஈரமும் ஏறிக் கல்லாக உறைந்திருந்தது. அதைக் கத்தியால் உடைத்துப் பழக்கத்துக்கு ஒரு கை போடுவார்களாம். முகர்ந்து பார்த்தேன், நெடியே இல்லை. பல மாதமாக வெறும் சுண்ணாம்பைத்தான் போட்டிருக்கிறார்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் வாளியில், இருட்டான இடத்தில் வையுங்கள். சரிபார்க்கவும் வழி இருக்கிறது: மாத்திரை போட்டால் ரோஸ் நிறமாகிற சின்னச் சோதனைப் பெட்டி. தாங்கியில் அல்ல, கடைசி வீட்டுக் குழாயில் பாருங்கள். அங்கே லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் சேறு தின்றுவிடும், அதனால்தான் மழைக்காலத்தில் நோய். அந்த நாட்களில் பரிசோதகர் சொல்வது சரி, கொதி வந்து ஒரு நிமிடம் விட்டுத்தான் குடிக்க வேண்டும்.

கந்தப்பளை, இராகலை, மீப்பிலிமானைப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே ஊற்று இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று: உரமும் கோழி எருவும் தண்ணீரில் நைத்திரேற்றாக இறங்கும். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்கவே கூடாது. ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டியது அது.

கழிவுநீர். அரசாங்கத்தின் முயற்சி இங்கேதான் மெலிந்து போகிறது, எனக்கு ஆதங்கமும் இங்கேதான். கண்டி நகரத்துக்கு ஜப்பான் கடனுதவியில் குழாய் போட்டு, கழிவை எடுத்துப்போய்க் கன்னொறுவையில் சுத்திகரிக்கிறார்கள். பெரிய வேலை, தேவையான வேலை. அந்தக் கண்டிக்கு மேலே மகாவலியில் சேருகிற ஓடைகளின் கரையிலெல்லாம் சிறு நகரங்களும் லயங்களும் இருக்கின்றன. உங்கள் மஸ்கெலியா ஓயா கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்து களனியாகி, அம்பத்தலையில் கொழும்பின் குடிநீராகிறது. மேலே ஒரு லயத்துக் கக்கூசைச் சீராக்குவது கொழும்புக்கும் செய்கிற வேலைதான், சலுகை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. திட்டம் கேட்டு எழுதும்போது இதையும் எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன்.

தோட்டத்துக்கு நகரத்துக் குழாய் முறை சரிவராது, அவசியமும் இல்லை. வேண்டியது ஒழுங்கான மலக்கழிவுத் தாங்கி. நம் ஆட்கள் குழி, தாங்கி எல்லாவற்றையும் "பிட்" என்றே சொல்வார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தாங்கி என்றால் அடியும் சுவரும் பூசி, கசியாமல், இரண்டு அறையாக இருக்க வேண்டும். இலங்கைத் தரக்கட்டளை 745 அதைக் கட்டும் விதத்தைச் சொல்கிறது. திண்மம் அடியில் தங்கிச் செரிக்கும், மேல்நீர் வெளியே போகும். அந்த மேல்நீர் தெளிவாக இருந்தாலும் கிருமி நிறைந்தது. அதை மண்ணுக்குள் இறக்க உறிஞ்சு குழி வேண்டும். மலையில் அந்த உறிஞ்சு குழியும் ஒரு ஆபத்து: சரிவான இடத்தில் நாளெல்லாம் நீரை இறக்கினால் மண் இளகும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள இடத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்காமல் குழி வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் முழுக்கச் சரிந்தது, பல இடங்களில் நீர் எடுக்கும் பெட்டியும் குழாயும் சேர்ந்தே போயின.

உறிஞ்சு குழிக்குப் பதில் ஒரு வழி: பத்து வீட்டுக்குச் சேர்த்து ஒரு தாங்கி, அதற்குக் கீழே அடி பூசிய தொட்டியில் கல்லும் சரளையும் நிரப்பி, அதில் கல்வாழை நட்டு, தாங்கியின் மேல்நீரை அதற்குள்ளே மெதுவாக ஓடவிடுவது. மின்சாரம் வேண்டாம், சரிவே அதற்கு மோட்டார். ஆனால் நம் குளிரில் கழிவு செரிப்பது மெதுவாகத்தான் நடக்கும். கொழும்புக்கு வரைந்த அளவை அப்படியே கொண்டுவந்தால் போதாது, தாங்கியும் தொட்டியும் பெரிதாக வேண்டும். வரைபடத்தைக் கொண்டுவருகிற உத்தியோகத்தரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

யாரும் பேசாத இன்னொன்று, நிறைந்த மலக்கழிவுத் தாங்கியைக் காலி செய்வது. சில வருடத்துக்கு ஒரு தடவை பவுசர் லொறி வந்து உறிஞ்ச வேண்டும். லயத்துக்குப் பவுசர் வருமா? படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும்தான். அதனால் தாங்கியைக் கட்டும்போதே, பவுசரின் குழாய் எட்டுகிற தூரத்தில் ரோட்டோரமாக இடம் பாருங்கள். கழிவு கீழ்நோக்கித் தானே வரும், பவுசர்தான் மேலே ஏறாது. இதைக் கவனிக்காமல் கட்டிய இடங்களில் கடைசியில் ஒரு மனிதன் வாளியோடு இறங்குகிறான். வாசற்கூட்டி என்று பெயர் வைத்து ஒரு குடும்பத்தையே தலைமுறையாக அந்த வேலையில் இறக்கிய தோட்டங்கள் இவை. அது திரும்ப நடக்கக் கூடாது, தம்பி.

இந்த வாரம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஊற்றுக்கு மேலே ஏறுங்கள். மேல் லயத்துக் குழிகள், மாட்டுப்பட்டி, கான் விழும் இடம், எல்லாவற்றையும் ஒரு தாளில் படமாக வரையுங்கள், தூரத்தை அடிக்கணக்கில் குறியுங்கள். அந்தப் படத்தில் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பரிசோதகரிடமும் இன்னொன்றைப் பிரதேச சபையிலும் கொடுத்து, கிடைத்தது என்று கையெழுத்து வாங்குங்கள். மேல் லயத்து ஆட்களைக் குற்றவாளி மாதிரிப் பேசிவிடாதீர்கள். அவர்களுக்கு மேலேயும் ஒரு லயம் இருக்கும். குழுவில் அவர்களிலிருந்து ஒருவரைச் சேருங்கள், முடிந்தால் ஒரு அக்காவை. வரைந்த படத்தை எனக்கும் அனுப்புங்கள், மலக்கழிவுத் தாங்கிக்கு எந்த இடம் தோது என்று பார்த்துச் சொல்கிறேன்.